காரின் திரையில் போனைக் கொண்டுவருவது எப்படி: புதிதாக இணைப்பவர்களுக்கு

போனை காரில் செருகினேன், சார்ஜ் ஏறுகிறது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லையே என்பதுதான் புதிதாக வருகிற எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. பதில் பெரும்பாலும் கேபிளில் இருக்கும், அதற்குக் கீழே வருகிறேன். அதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்ற சிக்கல்களில் பாதி தானாகவே விலகிவிடும்.

போனைக் காரின் திரையில் காட்டுகிற வசதிக்கு ஆண்ட்ராய்டு போன்களில் ஆண்ட்ராய்டு ஆட்டோ என்றும் ஐபோன்களில் கார்பிளே என்றும் பெயர். இரண்டுமே காருக்குள் ஓடுவதில்லை, போனுக்குள்தான் ஓடுகின்றன. மேப்பை வரைவது போன், பாட்டை இணையத்திலிருந்து இழுப்பது போன், நீங்கள் பேசுவதைப் புரிந்துகொள்வதும் போன். போன் தயாரித்த படத்தை வாங்கிக் காட்டுவதும், உங்கள் விரல் எங்கே பட்டது என்று திருப்பிச் சொல்வதும்தான் காரின் திரை செய்கிற வேலை. அதனால் மேப் திணறினால் போனில் சிக்னல் இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு ஆப் திரையில் இல்லையென்றால் அதைப் போனில் நிறுவுங்கள், எல்லாமே மெதுவாக இருந்தால் போன் சூடாகிவிட்டதா என்று தொட்டுப் பாருங்கள். காரைக் குறைசொல்வதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் காரில் இருப்பது எது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கேபிளும் அடாப்டரும் வாங்கி அலமாரியில் போட்டவர்கள் நிறையப் பேர். காரின் கையேட்டைத் திறந்து பாருங்கள், அல்லது திரையின் முகப்பில் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே என்று ஐகான் இருக்கிறதா என்று பாருங்கள். சில கார்களில் அந்த ஐகான் போனைச் செருகிய பிறகுதான் உயிர்பெறும், அதுவரை மங்கலாக இருக்கும்.

கார்பிளே 2014-லும் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015-லும் வெளிவந்தன. அதற்கு முந்தைய கார்களில் ப்ளூடூத் மட்டும்தான் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. அந்தக் காலகட்டத்துக் கார்கள் சிலவற்றில் மிரர்லிங்க் என்று ஒன்று எழுதியிருக்கும், போனைக் காரின் திரையில் காட்டுகிற பழைய முறை அது. அதன் பின்னால் போகாதீர்கள், அது முடிந்துபோன கதை. சாம்சங்கே 2020-ல் அதைக் கைவிட்டுவிட்டது.

இன்னொரு குழப்பம் பெயரில் வருகிறது. ஆண்ட்ராய்டு ஆட்டோமோட்டிவ் என்பது ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்ல. ஆட்டோமோட்டிவ் என்பது காருக்குள்ளேயே நிறுவப்பட்ட முழு இயங்குதளம், போன் இல்லாமலே மேப் ஓடும். 2020-ல் வந்த போல்ஸ்டார் 2 தான் கூகுள் வசதிகளோடு இப்படி வந்த முதல் கார். அப்புறம், கடைகளில் வெளியே வாங்கிப் பொருத்துகிற ‘ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ’ என்பது மூன்றாவது ரகம். அது டேஷ்போர்டுக்குள் உட்கார்ந்திருக்கிற ஒரு டேப்லெட், அவ்வளவுதான். அதில் போனை இணைக்க ஸெட்லிங்க் போன்ற தனி ஆப் ஒன்று உள்ளேயே இருக்கும், அதைத் திறந்தால்தான் ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்பிளேவோ வரும்.

போன் பக்கம் தேவை குறைவு. ஐபோன் 5 முதல் எல்லா ஐபோனிலும் கார்பிளே உண்டு. ஆண்ட்ராய்டு 10 முதல் ஆண்ட்ராய்டு ஆட்டோ போனுக்குள்ளேயே வருகிறது, ஆப் டிராயரில் ஐகான் தேடினால் கிடைக்காது, செட்டிங்ஸுக்குள் இருக்கும். ஆண்ட்ராய்டு 9 என்றால் பிளே ஸ்டோரிலிருந்து இறக்க வேண்டும்.

கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி இருக்க வேண்டும். ஸ்பீக்கர், டார்ச், பவர்பேங்க் போன்றவற்றோடு இலவசமாக வருகிற மலிவான கேபிள்கள் பலவற்றில் தகவல் கம்பியே இருக்காது. சார்ஜ் அழகாக ஏறும், காருக்கு மட்டும் அங்கே ஒரு போன் இருப்பதே தெரியாது. கேபிளைச் சோதிக்க அதே கேபிளில் போனை ஒரு கணினியோடு இணைத்துப் பாருங்கள். போனில் கோப்புப் பரிமாற்றத்துக்கு அனுமதி கொடுத்ததும் போனுக்குள் இருக்கிற கோப்புகள் கணினியில் தெரிந்தால் கேபிள் நல்லது, அனுமதியே கேட்காமல் சார்ஜ் மட்டும் ஏறினால் அதைக் காருக்குக் கொண்டுவராதீர்கள்.

நீளமும் முக்கியம். ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். பின் சீட்டுவரை எட்டுகிற நீள கேபிள் வசதியாகத் தோன்றும், ஆனால் காரின் அதிர்வில் இணைப்பு அடிக்கடி அறுந்து திரை கறுத்துப் போவதற்கு அதுவே காரணமாகிவிடும். நடுவில் ஹப், நீட்டிப்பு கேபிள், காந்த முனை என்று எதையும் வைக்காதீர்கள். போனோடு பெட்டியில் வந்த கேபிள் இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள்.

அடுத்து, காரின் போர்ட். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று இருந்தாலும் பல கார்களில் அவற்றில் ஒன்றுதான் திரையோடு பேசும், மற்றவை சார்ஜுக்கு மட்டும். பேசுகிற போர்ட் பக்கத்தில் போன் படமோ யுஎஸ்பியின் கிளைவிட்ட குறியோ பொறித்திருப்பார்கள், மின்னல் குறி மட்டும் இருந்தால் அது சார்ஜுக்கானது. கடைசியாகப் போனின் துவாரம். சட்டைப்பையிலும் பேன்ட் பையிலும் கிடந்து கிடந்து அதற்குள் பஞ்சு அடைந்திருக்கும். கேபிள் கிளிக் என்று உட்காராமல் ஆடினால், போனை அணைத்துவிட்டு மரக் குச்சியால் மெதுவாக நோண்டி எடுங்கள். ஊசி, பின் எதுவும் வேண்டாம்.

முதல் இணைப்பு: ஆண்ட்ராய்டு

காரை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். இது அறிவுரைக்காகச் சொல்வது மட்டுமல்ல, வண்டி ஓடும்போது முதல் இணைப்பை முடிக்கவே விடாது.

1. எஞ்சினை ஓட விடுங்கள். கியர் பார்க்கிலோ நியூட்ரலிலோ, கைபிரேக் போட்டு.
2. போனில் மொபைல் டேட்டா, ப்ளூடூத், லொகேஷன் மூன்றையும் ஆன் செய்து, பூட்டைத் திறந்து கையில் வைத்திருங்கள்.
3. கேபிளைச் செருகுங்கள். போனில் ஒன்றன்பின் ஒன்றாக அனுமதி கேட்கும்: தொடர்புகள், அழைப்புகள், எஸ்எம்எஸ், லொகேஷன், நோட்டிஃபிகேஷன். இந்த இடத்தில் நிதானமாகப் படித்து அனுமதி கொடுங்கள். அவசரத்தில் ஒன்றை மறுத்துவிட்டால் பிறகு ‘மெசேஜ் வாசிக்க மாட்டேன் என்கிறது’, ‘பெயர் சொன்னால் கால் போகவில்லை’ என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள், காரணம் நினைவுக்கே வராது.
4. காரின் திரையிலும் ஒரு கேள்வி வரும், சம்மதம் சொல்லுங்கள். அழைப்புகள் ப்ளூடூத் வழியாகப் போவதால் அந்த இணைப்பையும் அதுவே செய்துகொள்ளும்.

எதுவுமே வரவில்லையென்றால் போனில் செட்டிங்ஸ், கனெக்டட் டிவைசஸ், கனெக்‌ஷன் பிரிஃபரன்சஸ், ஆண்ட்ராய்டு ஆட்டோ என்று போங்கள். ஒவ்வொரு நிறுவனமும் இந்த மெனுவை வேறு வேறு இடத்தில் ஒளித்துவைத்திருக்கிறது, செட்டிங்ஸ் மேலே இருக்கிற தேடல் பெட்டியில் ‘ஆட்டோ’ என்று தட்டச்சு செய்வது எளிது. அங்கே போன் பூட்டியிருக்கும்போதும் தொடங்கலாமா என்று ஒரு சுவிட்ச் இருக்கும், ஆன் செய்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் வண்டியில் ஏறி போனை எடுத்து விரல் வைத்துத் திறக்க வேண்டிவரும்.

முதல் இணைப்பு: ஐபோன்

இது சுருக்கம். ஐபோனின் குரல் உதவியாளரான சிரி (Siri) ஆன் ஆகியிருக்க வேண்டும், அது அணைந்திருந்தால் கார்பிளே வராது. கேபிளைச் செருகினால் போன் பூட்டியிருக்கும்போதும் கார்பிளேவை அனுமதிக்கலாமா என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் பெரும்பாலும்.

வரவில்லையென்றால் செட்டிங்ஸ், ஜெனரல், கார்பிளே போய் உங்கள் காரின் பெயர் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளுக்காக ஸ்கிரீன் டைமில் கட்டுப்பாடுகள் போட்டு வைத்திருப்பவர்கள் அங்கேயும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும், அனுமதிக்கப்பட்ட ஆப்களின் பட்டியலில் கார்பிளேவும் ஒன்று, அதை அணைத்துவிட்டால் காரில் என்ன செய்தாலும் பயனில்லை. ஐபோன் 15 முதல் யுஎஸ்பி சி வந்துவிட்டதால் பழைய லைட்னிங் கேபிள் பொருந்தாது என்பதையும், காரின் போர்ட் ஏ வகையா சி வகையா என்பதையும் கேபிள் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிள் இல்லாமல்

வயர்லெஸ் என்றால் எல்லாம் ப்ளூடூத்தில் நடக்கிறது என்று நினைப்பவர்கள் அதிகம். ப்ளூடூத் செய்வது அறிமுகம் மட்டும். காரும் போனும் ஒன்றையொன்று கண்டுகொண்டதும் படமும் பாட்டும் காரின் வைஃபைக்கு மாறிவிடும், அதனால் போனில் வைஃபையை அணைத்து வைத்தால் இணைப்பு நடக்காது. ஆண்ட்ராய்டில் 11-ஆம் பதிப்பும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் இருந்தால் போதும், கூகுள், சாம்சங் போன்களில் 10-ஆம் பதிப்பே போதும். வைஃபை காரோடு போய்விட்டால் இணையம் எப்படி என்றால், அது எப்போதும்போல சிம்மின் டேட்டாவில்தான்.

தொடங்குவதற்குக் காரின் ப்ளூடூத் பட்டியலில் போனைச் சேருங்கள். ஐபோனென்றால் பல கார்களில் ஸ்டீயரிங்கில் இருக்கிற குரல் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் கார்பிளே இணைப்பு தொடங்கும். வாசலில் வண்டியை எடுக்கும்போது போன் வீட்டு வைஃபையை விடாமல் பிடித்துக்கொண்டு தடுமாறுவது உண்டு, கொஞ்ச தூரம் போனதும் சரியாகிவிடும். விபிஎன் ஆப் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதை அணைத்துப் பாருங்கள், வயர்லெஸ் இணைப்பை அது தடுப்பது வழக்கம்.

என் அபிப்ராயத்தைக் கேட்டால், காரில் வயர்லெஸ் இருந்தாலும் முதலில் கேபிளில் எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு மாறுங்கள். எங்கே பழுது என்று தெரியும். நீண்ட பயணத்துக்கும் கேபிள்தான் மேல்: வைஃபை, ஜிபிஎஸ், டேட்டா மூன்றும் ஒன்றாக ஓடும்போது போனின் பேட்டரி வேகமாக இறங்கும், அதை ஈடுகட்ட வயர்லெஸ் சார்ஜரில் வைத்தால் போன் கொதிக்கும், கொதித்தால் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். கண்ணாடி வழியாக வெயிலும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். கடைக்குப் போய்வருகிற சின்னப் பயணங்களுக்கு வயர்லெஸ்போல வசதி எதுவும் இல்லை.

வயர்லெஸ் அடாப்டர்கள் கிடைக்கின்றன, மோட்டரோலா எம்ஏ1, ஏஏவயர்லெஸ் போன்றவை. காரின் யுஎஸ்பி போர்ட்டில் செருகினால் காருக்கு அது கேபிளில் இணைந்த போன்மாதிரி தெரியும். அதனால் ஏற்கெனவே கேபிள் வழி ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்பிளேவோ இருக்கிற காருக்குத்தான் இது. வெறும் ப்ளூடூத் மட்டும் இருக்கிற காரில் செருகினால் ஒன்றும் நடக்காது. விளம்பரத்தில் இந்த வரியைத்தான் பொடி எழுத்தில் போடுவார்கள். எம்ஏ1 ஆண்ட்ராய்டுக்கு மட்டும், ஐபோன்காரர்கள் பெட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்டீயரிங் பொத்தான்கள்

இணைந்தவுடன் எல்லோரும் திரையைத் தொட்டு விளையாடுவார்கள். ஓட்டும்போது கைக்கு வர வேண்டியது ஸ்டீயரிங் பொத்தான்கள்தான், அவற்றை நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள். குரல் பொத்தானைச் சட்டென்று அழுத்தினால் பல கார்களில் காரின் சொந்தக் குரல் வசதி வரும், நீளமாக அழுத்தினால் போனின் உதவியாளர் வரும். இந்த வித்தியாசம் தெரியாமல், ‘சொன்னது எதுவும் இதற்குப் புரியவில்லை’ என்று விட்டுவிட்டவர்கள் பலர், அவர்கள் இத்தனை நாளும் வேறு ஆளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஒலியளவு விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாட்டு, வழி சொல்லும் குரல், தொலைபேசி, உதவியாளர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒலியளவு. வழி சொல்லும் குரல் கேட்கவில்லை என்று பாட்டு ஓடும்போது சத்தத்தைக் கூட்டினால் பாட்டுதான் கூடும். அந்தக் குரல் பேசிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மூன்று விநாடிக்குள் குமிழைத் திருப்புங்கள், அது நினைவில் நின்றுவிடும். அழைப்புக்கும் அப்படியே, பேசும்போதே சரிசெய்ய வேண்டும்.

சில கார்களில் திரை தொடுதிரையே அல்ல, நடுவில் ஒரு சுழல் குமிழ் இருக்கும். திருப்பினால் நகரும், அழுத்தினால் தேர்வாகும். முதலில் எரிச்சலாக இருக்கும், பழகியபின் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் வேலை செய்ய அது தொடுதிரையைவிட நல்லது என்பது என் கட்சி.

ஒருமுறை செய்துவைத்தால் போதும் என்கிற வேலைகள்

மேப்பில் நீங்கள் வழக்கமாகப் போகிற பகுதியை ஆஃப்லைனில் இறக்கிவையுங்கள். சிக்னல் போகிற மலைப்பாதையில் வழி காட்ட அது மட்டும்தான் இருக்கும். வீடு, அலுவலகம் முகவரிகளைச் சேமித்துவையுங்கள், குரலில் ‘வீட்டுக்குப் போகணும்’ என்ற அளவில் முடிந்துவிடும். ஐஓஎஸ் 12 முதல் கார்பிளேவில் கூகுள் மேப்ஸ், வேஸ் போன்றவையும் ஓடுகின்றன, ஆப்பிள் மேப்ஸோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

திரையில் வரிசையாக நிற்கிற ஐகான்களில் வேண்டாததை எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் ஆட்டோ செட்டிங்ஸுக்குள் லாஞ்சரை மாற்றுகிற இடத்தில், ஐபோனில் ஜெனரல், கார்பிளே, காரின் பெயர், கஸ்டமைஸ் என்று போய். வண்டி எடுத்தவுடன் பாட்டு தானாக அலறுவது பிடிக்கவில்லையென்றால் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் அதை நிறுத்த சுவிட்ச் இருக்கிறது. ஐபோனில், ஓட்டும்போது நோட்டிஃபிகேஷன்களை அடக்கிவைக்கிற டிரைவிங் ஃபோக்கஸைக் கார்பிளே இணைந்ததும் தானாக ஆன் ஆகும்படி வைக்கலாம். பக்கத்தில் ஆள் இருக்கும்போது மெசேஜ்களை உரக்க வாசிப்பது எல்லாருக்கும் ஏற்றதல்ல, அதையும் போனின் செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போது வீடியோ வராது, கீபோர்டு பூட்டிக்கொள்ளும், நீளப் பட்டியல்கள் பாதியில் நிற்கும். இவை பழுதல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். இதை உடைக்கிறோம் என்று விற்கப்படுகிற பெட்டிகளையும் ஆப்களையும் வாங்காதீர்கள்.

பழைய காரில் புதுத் திரை போடுவதானால்

முதலில் டேஷ்போர்டில் இருக்கிற துவாரத்தை அளங்கள். சிங்கிள் டின் என்றால் ஏறத்தாழ 180க்கு 50 மில்லிமீட்டர், டபுள் டின் என்றால் 180க்கு 100. அதைவிடப் பெரிய 9, 10 அங்குலத் திரைகளுக்கு உங்கள் காருக்கென்றே செய்த சட்டம் (ஃபிரேம்) வேண்டும், திரையோடு அதுவும் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

காரின் கம்பிகளை வெட்டி ஒட்ட எவரையும் விடாதீர்கள். ஒவ்வொரு காருக்கும் ஏற்ற கனெக்டர் தனியாகக் கிடைக்கிறது, அதைப் போட்டால் பிறகு பழைய ஸ்டீரியோவைத் திரும்ப மாட்டவும் முடியும். வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களின் கம்பி நிறங்கள் பெரும்பாலும் ஒரே வழக்கம்தான்: மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் மட்டும், கறுப்பு எர்த். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறிப்போனால் வண்டியை அணைக்கும்போதெல்லாம் திரை எல்லா செட்டிங்கையும் மறந்துவிடும். ஒவ்வொரு நாள் காலையும் நேரமும் ரேடியோ நிலையங்களும் அழிந்துபோயிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஸ்டீயரிங் பொத்தான்கள் புதுத் திரையிலும் வேலை செய்ய வேண்டுமென்றால் உங்கள் கார் எந்த வகை என்று தெரிய வேண்டும். பழைய முறையில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு மின்தடை, ஒரே கம்பியில் எவ்வளவு தடை என்பதைப் பார்த்து எந்தப் பொத்தான் என்று ஸ்டீரியோ கண்டுபிடிக்கும். இதில் கீ1, கீ2 என்ற கம்பிகளை இணைத்து, செட்டிங்ஸில் பொத்தான் ஒவ்வொன்றையும் அழுத்திக் கற்றுக்கொடுத்தால் போதும். புதிய கார்களில் பொத்தான்களின் செய்தி கேன் பஸ் என்கிற வலையில் போகிறது, அதற்குக் காருக்கு ஏற்ற டிகோடர் பெட்டி இல்லாமல் ஒரு பொத்தானும் அசையாது. பேரம் பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள், திரையைப் பொருத்திய பிறகு அல்ல.

திரை மாற்றவே விருப்பமில்லை, ப்ளூடூத் மட்டும் போதும் என்றால் அதுவும் நல்ல முடிவுதான். பாட்டு, அழைப்பு இரண்டும் வரும், மேப் போனிலேயே, அதற்கு ஏசி துவாரத்திலோ டேஷ்போர்டிலோ ஒரு உறுதியான ஸ்டாண்ட். இணைக்கும்போது தொடர்புகளைப் பகிர அனுமதி கொடுத்தால்தான் அழைப்பவரின் பெயர் வரும், இல்லையென்றால் வெறும் எண் மட்டும். ப்ளூடூத்தும் இல்லாத காரில் ஆக்ஸ் துவாரம் (ஹெட்போன் முள் செருகுகிற மாதிரியான துளை) இருந்தால் அதில் செருகுகிற சின்ன ப்ளூடூத் ரிசீவர் போதும்.

நேற்றுவரை ஓடியது, இன்று ஓடவில்லை

இந்த வரிசையில் போங்கள். வேறு கேபிள். பிறகு போனை அணைத்துப் போடுங்கள். பிறகு திரையை, பல கார்களில் பவர் பொத்தானைத் திரை கறுக்கும்வரை அழுத்திப் பிடித்தால் மறுபடி தொடங்கும். அதற்கும் மசியவில்லையென்றால் காரில் போனின் பெயரையும் போனில் காரின் பெயரையும் அழித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழிப்பதுதான் வழக்கமாக நடப்பது, அப்போது மற்றப் பக்கம் பழைய உறவையே நம்பிக்கொண்டு மறுக்கும். ஆண்ட்ராய்டில் ஆட்டோ ஆப்பின் கேஷையும் (தற்காலிகக் கோப்புகள்) டேட்டாவையும் அழித்துப் பார்க்கலாம், பேட்டரி சேமிப்பு அதை முடக்குகிறதா என்றும் பார்க்கலாம்.

கார் பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு இணைப்பு நின்றுவிட்டதா? காரின் கடிகாரத்தில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் போனும் காரும் ஒன்றையொன்று சரிபார்க்கும் சான்றிதழ் செல்லாததாகத் தோன்றி இணைப்பு மறுக்கப்படும். தேதியைத் திருத்தியதும் சரியாகிவிடும். இதையெல்லாம் செய்தும் வரவில்லை, வேறொருவரின் போனும் அதே கேபிளில் வரவில்லை என்றால் மட்டும் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள், திரையின் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

காரை விற்கும்போதும் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போதும் ஒரு வேலை பாக்கியிருக்கும். ப்ளூடூத்தில் இணைத்தபோது உங்கள் தொடர்புகளும் அழைப்புப் பட்டியலும் காரின் நினைவகத்துக்குப் போயிருக்கலாம். இணைத்த போன்களின் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை அழியுங்கள். சொந்தக் காரென்றால் முழு ஃபேக்டரி ரீசெட்டே செய்துவிடுங்கள். வாடகைக் காரென்றால் அந்தப் பட்டியலில் உங்களுக்கு முன்னால் ஓட்டியவர்களின் போன்களும் வரிசையாக நிற்கும், முடிந்தால் அவற்றையும் சேர்த்து அழித்துவிட்டு இறங்குங்கள்.